மனையும் மறுப்பும்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்றதோர் ஊரில் புதிய குடியிருப்பு வரப்போகிறது, அதை ஊரார் எதிர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருவாய்த்துறைக் கோப்பில் அந்த எதிர்ப்பு 'ஆட்சேபணை' என்ற ஒற்றைச் சொல்லாகப் பதிவாகிவிடும். ஆனால் அச்சொல்லுக்குள் இரு வேறு குரல்கள் இருக்கின்றன. தன் மண்ணிலிருந்து பெயர்க்கப்படுகிறவனின் குரல் ஒன்று; இன்னொருவன் மனை பெறுவதைப் பொறுக்காதவனின் குரல் மற்றொன்று. நம் நிலவரலாற்றில் இவ்விரண்டும் ஒரே அளவில் கேட்கப்படவில்லை.

'மங்கலம்' என முடியும் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் பிரமதேயக் குடியேற்றங்களைக் குறிப்பவை. அவை எல்லாம் வெற்று நிலத்தில் எழுந்தவை அல்ல. முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடுகள் பல ஊர்களை ஒன்றாக இணைத்து, திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்கு அளித்ததைச் சொல்கின்றன. சோழர் காலத்துக் கொடை ஆவணங்களில் 'குடிநீக்கி' என்றும் 'குடிநீங்கா' என்றும் இருவகைத் தொடர்கள் வரும். பழங்குடிகளை விலக்கிக் கொடுத்தது முன்னது. விலக்காமல் கொடுத்தது பின்னது. பெற்றவர்களின் பெயர், கோத்திரம், பங்கு எல்லாம் செப்பேட்டில் உண்டு. நீக்கப்பட்ட குடி எங்கே போயிற்று என்பதற்கு ஒரு வரி இல்லை.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரி, கம்மாணச்சேரி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சொல்கின்றன. யார் எங்கே குடியிருப்பது என்ற வரையறை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலக்கணக்கில் ஏறிவிட்டது. (வகுப்பில் 'நத்தம்' என்றால் என்ன என்று கேட்டால் மாணவர்கள் திண்டுக்கல் பக்கத்து ஊரைச் சொல்கிறார்கள், வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.)

இரண்டாவது குரல் தெளிவாகக் கேட்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கற்பட்டில். அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையைப் பஞ்சமி நிலத்தின் தோற்றுவாயாக நாம் அறிவோம். அவ்வறிக்கை உழுநிலத்தோடு குடிசை மண்ணையும் பேசியது என்பது அதிகம் பேசப்படவில்லை. சேரி இருந்த மண்ணுக்கும் மிராசுதார் உரிமை கொண்டாடினார். பண்ணையாள் கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு பண்ணைக்குப் போனாலோ, தரிசுக்குத் தன் பெயரில் விண்ணப்பித்தாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். மனை சொந்தமானால் இந்த ஒரு வார்த்தையின் வலிமை போய்விடும். மிராசுதார்களின் எதிர்ப்புக்கு வேர் இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. வீடு எவ்வளவு சிறிது என்பதோ ஊருக்கு எவ்வளவு தொலைவு என்பதோ பொருட்டில்லை; வீட்டுக்காரன் மறுநாள் காலையில் களத்துக்கு வருவானா என்பதே கேள்வி.

1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை அமைந்தபின், 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு ஒடுக்கப்பட்டோருக்கு மனைகள் வாங்கப்பட்டன. அவை இலவசமல்ல; பயனாளிகளிடம் தவணை முறையில் விலை வசூலிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் தஞ்சைப் பண்ணையாட்களின் குடிமனை பிறர் மண்ணாகவே நீடித்தது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25-இல். குடியிருப்போருக்கே அம்மண்ணை உரிமையாக்கும் சட்டம் 1971-இல் வந்தது.

பின்னர் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு விரைவாக நிலம் எடுக்க 1978-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நிலவுடைமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்றது. உச்சநீதிமன்றம் 1994-இல் செல்லும் என்றது. இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பிரிவை மட்டும் அது நீக்கியது. தீர்ப்பில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆயினும் சேரிக்காரன் மனைவிலையைத் தவணையில் கட்டிய காலத்தை நினைத்துக்கொள்ளாமல் அவ்வரியைக் கடக்க முடியவில்லை.

இனி நம் பக்கத்துக்கே வருவோம். செயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990-களில் தொடங்கி எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாதென்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களுக்கு நடந்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவதென்று அரசு 2022-இல் முடிவு செய்தது. 'குடிநீக்கி' என்று ஒரு சொல்லில் முடிந்துபோன குரல், இம்முறை மனுவாக, வழக்காக, போராட்டமாக நின்று வென்றது. விவசாயி என்ற சொல்லை இனிமேல் ஏளனமாகப் பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த வயல்களில் கூலிக்குக் களையெடுத்தவர்களுக்கு அறிவிப்பு எதுவும் போயிருக்காது. பழைய சட்டத்தில் நிலத்தின் மீது உரிமை உடையவருக்கே அறிவிப்பும் இழப்பீடும். நிலமில்லாவிட்டாலும் அந்நிலத்தை நம்பி மூன்றாண்டுகள் பிழைத்த குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்று நடுவணரசுச் சட்டம் ஒன்று எழுதி வைத்தது 2013-இல்தான்.