போர்ச் செய்தியில் விடுபட்ட பெயர்கள்



எங்கோ ஒரு நாட்டில் போர் மூண்டால், அன்றிரவே அது நம் வீட்டிற்குள் வந்துவிடுகிறது. முன்பு நாளேடும் வானொலியும் அதைக் கொண்டுவந்தன. இன்று கைத்தொலைபேசியும் கொண்டுவருகிறது. அப்படி வரும் செய்தியை எவ்வாறு எடைபோடுவது? இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம்முடைய மலாயாவே பிறருக்குத் தூரதேசத்துப் போர்க்களமாக இருந்தது. அன்றைய செய்தியில் எது வந்தது, எது வரவில்லை என்று பார்ப்போம்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. தாங்கள் ஆயத்தமாக இருப்பதாகப் பிரிட்டிஷ் படைத்தலைமை அன்றே அறிக்கை விட்டது. இரண்டே நாளில் குவாந்தான் கடலுக்கப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் மூழ்கின. ரிப்பல்ஸில் இருந்து உயிர்தப்பிய அமெரிக்க வானொலிச் செய்தியாளர் சிசில் பிரவுன், கண்டதை உலகறியச் சொன்னார். சிங்கப்பூரின் தற்காப்புக் குறைகளையும் அவர் விடாது எடுத்துரைத்தார். உள்ளூர் மக்களின் மனவுறுதி குலையும் என்று காரணம் காட்டி, 1942 ஜனவரியில் அதிகாரிகள் அவருடைய ஒலிபரப்பு உரிமையைப் பறித்துக்கொண்டனர். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. செய்தியை மறைத்ததால் தோல்வி நின்றுவிடவில்லை. மக்கள்தாம் முன்னெச்சரிக்கை இன்றித் தவித்தார்கள்.

பினாங்கில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. டிசம்பர் 11 முதல் குண்டுவீச்சு. சில நாட்களில் ஐரோப்பியர்கள் இரவோடிரவாகத் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். படைகள் போய்விட்டன, குண்டு போடவேண்டாம் என்று பினாங்கு வானொலி நிலையத்தின் வழி அறிவிக்கவும் செய்தார். அதே வேளையில், சிங்கப்பூர் வானொலியில் பேசிய அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகப் பொருள்படக் கூறினார். அவர் 'மக்கள்' என்று எண்ணியது யாரை? அந்த ஒரு சொல் ஆசியர்களின் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று.

நம் வட்டாரத்திற்கு வருவோம். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் வழியில், ஜெமாலுவாங்கை அடுத்த நித்ஸ்டேல் தோட்டத்தில், 1942 ஜனவரி 26-ஆம் நாள் இரவு ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து தாக்கியது. போர் நூல்களில் அப்பட்டாளத்தின் எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்களை அந்நூல்களில் காண்பது அரிது. தோட்டம் வெறும் இடப்பெயராகவே நிற்கிறது.

போருக்குப் பின்னும் இதே கதைதான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா ரயில்பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இதைவிடப் பன்மடங்கினர். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்த ஆசியர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. அதை மதிப்பீடு என்றே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் எவரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் துயில்கின்றனர். 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படமும் கைதிகளின் கதையையே உலகுக்குச் சொன்னது. கைதிகள் பட்ட பாடு பொய்யன்று. அவர்களுக்குப் படைப்பதிவேடு இருந்தது. நாட்குறிப்பு எழுதியோர் இருந்தனர். வீடு திரும்பியதும் பேட்டி காண ஊர்ப் பத்திரிகை இருந்தது. நம்மவர்க்கு இவற்றில் எதுவுமில்லை. செய்தி தன் வாசகன் இருக்கும் பக்கமே சாய்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை நூலாகத் தந்தபோது ஆண்டு 1993. பாதை முடிந்து அரைநூற்றாண்டு கழிந்திருந்தது.

ஆகவே, இன்று வேற்று நாட்டுப் போர்ச் செய்தியைக் கேட்கும்போது, சொல்பவர் யார், யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்போம். தளபதிகளின் பெயர்களுக்கு நடுவே, அந்நாட்டில் கூலிவேலைக்குப் போயிருந்தவர்களின் கதி என்னவாயிற்று என்றும் கேட்போம். பீரங்கி ஓய்ந்து செய்தியாளர்கள் ஊர் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் மறவாமல் தேடுவோம்.

நம் வீடுகளிலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சயாமுக்குப் போனவர்களை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களுடைய பிள்ளைகளிடமாவது கேட்டு, போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைப்போம். நாளேடு அன்று எழுதாததை நாம் இன்று எழுதலாம் அல்லவா?