பொந்தே-கனேயும் திமிரியும்

பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே, போய்யாக் என்ற ஊரில் இருக்கிறது பொந்தே-கனே திராட்சைத் தோட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. 1855-இல் மெதோக் பகுதி ஒயின்களைத் தரவரிசைப்படுத்தியபோது ஐந்தாம் வரிசையில் இடம்பெற்றது. ஏறத்தாழ 200 ஏக்கர், ஒரே குடும்பத்தின் கையில். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் உள்ள திமிரியில் நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர்களின் நிலக்கணக்கு வேறு. 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை.

முறையைப் பார்த்தால் இவ்வளவு தூரம் தெரியாது. பொந்தே-கனே பின்பற்றும் பயோடைனமிக் வேளாண்மை, 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். நிலாவின் போக்கைப் பார்த்தே விதைப்பார்கள். நம் பக்கத்தில் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் இருக்கிறது. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்து ஊறவைத்து, நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலந்து தெளிக்கிறோம். ஆடிப்பட்டமும் நம்மிடம் உண்டு. கொம்பு வழியாக விண்வெளி ஆற்றல் இறங்குகிறது என்ற ஸ்டைனரின் விளக்கத்தை என்னால் ஏற்க முடியாது. அதற்குச் சான்று இல்லை. ஆனால் மக்கிய எருவும், மண்ணிலுள்ள நுண்ணுயிரும், தினமும் வயலைச் சுற்றிவரும் கண்ணும் தரும் பலன் உண்மையானது. சுவிட்சர்லாந்தில் 1978-இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனையின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. ரசாயனம் தவிர்த்த வயல்களில் மண் வளம் கூடியிருந்தது, உரத் தேவை பாதிவரை குறைந்திருந்தது. விளைச்சலும் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த 20 சதவீதத்தில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

பொந்தே-கனே 2004-இல் ஒரு பகுதியில் மட்டும் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு தோட்டம் முழுவதையும் மாற்றியது. 2007-இல் அடிச்சாம்பல் நோய் தாக்கியபோது உரிமையாளர் ஆல்ஃபிரட் தெஸ்ஸரோன் பயந்து ரசாயனம் அடித்தார். சான்றிதழுக்கான கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2010-இல் பெற்றார். 2018-இல் அதே நோய் திரும்பி வந்தது. இம்முறை ரசாயனத்தைத் தொடவில்லை. மூன்றில் இரண்டு பங்கு விளைச்சல் போயிற்று. ஆனாலும் தோட்டம் தாக்குப்பிடித்தது. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் பழைய சரக்கும், பல ஆண்டு லாபமும், 1855-ஆம் ஆண்டுப் பட்டியலின் பெயரும் நின்றன. திமிரியில் ஒரு ஏக்கர் கடலை போடுகிறவருக்குப் பின்னால் நகைக்கடன்தான் நிற்கிறது. குத்தகை நிலமென்றால், மூன்று வருடம் உழைத்து வளப்படுத்திய மண் நாலாவது வருடம் வேறொருவர் கைக்குப் போகலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. நம் வெற்றிலைக் கொடிக்கும் தென்னைக்கும் அடிக்கும் போர்டோ கலவை அந்த மெதோக் பகுதியிலிருந்து வந்ததுதான். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்து 1885-இல் எழுதினார் பேராசிரியர் மில்லார்தே. பயோடைனமிக் தோட்டங்களும் அதை அளவோடு பயன்படுத்துகின்றன. செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது.

திமிரிக்கு வடக்கே பாலாற்றங்கரையில், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளிலிருந்து மண்ணுக்குப் போன குரோமியத்துக்கு அப்படி ஒரு வரம்பை உரிய காலத்தில் யாரும் காக்கவில்லை. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. பின்னர் 29,000-க்கு மேற்பட்டோருக்கு நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு சுமார் 27 கோடி ரூபாய். தலைக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை.

2023-இல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. ரசாயனத்தை விட்டு மாறும் முதல் மூன்று ஆண்டுகளில் குறையும் விளைச்சலுக்கு, அரசு ஏக்கர் கணக்கில் பணம் தர வேண்டும் என்பேன். அதைப் பட்டாதாரருக்கு மட்டுமன்றி, உழுகிற குத்தகைதாரருக்கும் தர வேண்டும்.