கைரோப்பிராக்டிக்

கைரோப்பிராக்டிக் என்பது முதுகெலும்பு முதலான மூட்டுகளின் இயக்கக் கோளாறுகளை, ஔஷதமும் சஸ்திர சிகிச்சையுமின்றி, பிரதானமாகக் கரங்களால் சீர்செய்ய முற்படும் மாற்று மருத்துவ முறையாகும்.

முறை: நோயாளியை மெத்தையிட்ட மேசையில் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, அசைவு குன்றிய மூட்டைத் தடவியறிந்து, அதன்மீது குறுகிய வேகமான அழுத்தம் தருவர். அப்போது எழும் சொடுக்கொலி எலும்பு முறிவதாலன்று. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி தோன்றுவதோடு தொடர்புடையது.

சரித்திரம்: கனடாவில் பிறந்த டேனியல் டேவிட் பாமர், 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்டு என்பவருக்குச் செய்த சிகிச்சையிலிருந்து இம்முறையைத் தோற்றுவித்து, 1897-இல் பள்ளியும் நிறுவினார். எலும்பு விலகலே பெரும்பாலான வியாதிகளுக்குக் காரணமென்ற அவர் சித்தாந்தத்தை நவீன விஞ்ஞானம் ஏற்கவில்லை. கான்சாஸ் மாநிலம் 1913-இலும், இறுதியாக லூசியானா 1974-இலும் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கச் சட்டம் இயற்றின. அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலைப் பகிஷ்கரித்தது சட்டவிரோதமென 1987-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பயனும் அபாயமும்: கீழ்முதுகு வலியில் இது தரும் நிவாரணம், தேகப்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளின் பயனையொத்த மிதமான அளவினது. ஆஸ்துமா போன்றவற்றில் பயனுண்டென்பதற்குத் தக்க ஆதாரமில்லை. சிகிச்சைக்குப்பின் ஓரிரு நாள் தசைவலி சாதாரணம். கழுத்துச் சிகிச்சையை அடுத்து, அபூர்வமாக, தமனிக் கிழிவும் பக்கவாதமும் நேர்ந்ததுண்டு. கடுமையான எலும்புத் தேய்வு, முறிவு, முதுகெலும்புப் புற்று, தொற்று உள்ளோருக்கு அழுத்த சிகிச்சை விலக்கப்படும். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போதலும் சிறுநீர் அடக்கவியலாமையும் தோன்றின், தாமதமின்றி மருத்துவமனையை நாடுதல் அவசியம்.