கேன் தண்ணீரும் கனிம நீரும்: ஏரிக்கரைக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஆரம்பாக்கம் வட்டாரத்திலும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் கிராமங்களிலும் கிணற்று நீர் கரிப்பது புதிதன்று. கடலோடு தொடர்புடைய உவர்நீர் ஏரி அருகில் இருப்பதே இதற்குக் காரணம். எனவே பல வீடுகள் 20 லிட்டர் கேன்களை நம்பியுள்ளன. அதனை ‘மினரல் வாட்டர்’ என்று அழைத்தாலும், பெரும்பாலும் அது கனிம நீர் அன்று.

இயற்கைக் கனிம நீர் என்பது நிலத்தடி ஊற்றிலிருந்து பெற்று, இயல்பான கனிமச் சேர்க்கை மாறாமல் அடைக்கப்படுவது (ஐ.எஸ். 13428). கேனில் வருவது பொதுவாக ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கிய குடிநீர் (ஐ.எஸ். 14543). உப்புடன் கால்சியமும் மெக்னீசியமும் அதில் பெருமளவு குறைந்துவிடுகின்றன. ஆகவே சத்துக்காக இந்நீரை வாங்க வேண்டியதில்லை. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கேழ்வரகும் அச்சத்தைத் தாராளமாகவே போக்கும்.

உண்மையான நன்மை, உடலில் சேரும் உப்பு குறைவதே. ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் பருகினால், ஏறத்தாழ 1 கிராம் உப்பு உடலில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நாளளவோ 5 கிராமுக்கும் குறைவு. வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உவர்ப்பான குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன. எனவே கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும் உப்புக் குறைந்த நீரைப் பருகுவது நல்லது. அன்றாடம் கருவாடு உண்டால் இந்த நன்மை பெரிதும் கரைந்துபோகும் என்பதையும் நினைவில் கொள்க.

உவர்நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும்; உப்பு நீங்காது. நீர் வற்றும் அளவுக்குக் கரிப்பு கூடவே செய்யும்.

குளோரின் கலந்த குழாய் நீரில் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் சிறிது நேரம் எஞ்சியிருக்கும். கேன் நீரில் பெரும்பாலும் அது இராது. திறந்தபின் அழுக்குக் கையோ கழுவாத பம்போ பட்டால் கிருமிகள் பெருகலாம். எனவே மூடி முத்திரை, தயாரித்த நாள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள். பம்பை வாரந்தோறும் கழுவுங்கள். ஐயமிருப்பின் கேன் நீரையும் கொதிக்கவைத்தே பருகுங்கள்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், கொதித்து ஆறிய நீரில் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.