விளக்குக்கு எண்ணெய், லேப்டாப்புக்கு டேட்டா

உத்திரமேரூர்ன்னு சொன்னாலே "ஓ, குடவோலைக் கல்வெட்டா!" என்பார்கள். ஊர்க்காரன் என்ற முறையில் தலையாட்டிப் பழகிவிட்டது :-) பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அந்தக் கல்வெட்டைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது பக்கத்தில் இருக்கும் இன்னொன்று.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கையோடு ஆதுலர் சாலை (அந்தக் காலத்து ஆஸ்பத்திரி) எல்லாம் நடந்திருக்கிறது. வாத்தியார் சம்பளம், வைத்தியர் சம்பளம் எல்லாம் எங்கும் இருப்பதுதான். எனக்கு ஆச்சரியம் வேறு கணக்கு. மாணவர்களுக்குச் சாப்பாடு, சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய், ராத்திரி விளக்கெரிக்க எண்ணெய். இதுக்கெல்லாம்கூட ஒதுக்கீடு, கல்லில்!

அதுக்காக பொற்காலம்னு பெருமூச்சு விடப் போறதில்லை. அங்கே சொல்லிக் கொடுத்தது வேதமும் வியாகரணமும். எங்களை மாதிரி குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த விளக்கடியில் இடம் இருந்திருக்காது.

எங்க காலத்துக்கு வருவோம். 2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில வருஷம் கழித்து எனக்கும் ஒன்று வந்தது. முதல் மாசம் முழுக்க படம்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. நெட் கிடையாது, பென் டிரைவில் வந்ததுதான் உலகம். ஆனா இன்ஜினியரிங் சேர்ந்ததும் என் முதல் சி புரோகிராம் ஓடியது அதில்தான். இன்னைக்குச் சாப்பிடுற சோறு அந்தப் பெட்டி போட்டது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினாங்க. கல்வி தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டது. 2018-லிருந்து வந்த புதுப் புத்தகங்களில் க்யூஆர் கோடும் இருந்தது. அந்த வருஷம் எட்டாவதுக்குப் போன எதிர்வீட்டுப் பையன், "அண்ணா, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்கண்ணா"ன்னு எங்க திண்ணையில் வந்து உட்காருவான். அவங்க வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போனா கூடவே போயிடும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், மீட்டிங் நேரத்தில் "அப்புறம் வாடா" என்று பலமுறை அனுப்பியிருக்கிறேன். ஒருநாளோடு வருவதை நிறுத்திவிட்டான். நானும் போய்க் கூப்பிடவில்லை.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவிலேயே பாடம் நடத்தினாங்க, ஒன்றாவது முதல் எட்டாவது வரை. அவன் அதற்குள் ஒன்பதாவது.

கல்வெட்டில் கணக்குப் போட்டவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: சுவடி மட்டும் போதாது, ராத்திரி அதைப் பார்க்க எண்ணெயும் வேணும். நாம பாடத்தை எல்லாருக்கும் வைத்தோம், அது சரிதான். எண்ணெயை மட்டும் அவங்கவங்க வீட்டுப்பாடு என்று விட்டுவிட்டோம்.

இப்ப எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெருப் பசங்க எல்லாருக்கும் தெரியும். அம்மா திட்டுறாங்க, ஸ்பீடும் குறையுது. பரவாயில்லை. அவனுக்குத்தான் லேட்டாயிடுச்சு.