ஏவலாகப் பிறந்த சொல்: 'ஷாம்பு'வின் வரலாறு

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த கிளிவ்டன் மாளிகை ஒரு காலத்தில் ஆஸ்டர் குடும்பத்தின் இல்லம். 1942இல் அது நேஷனல் டிரஸ்ட் வசமாயிற்று. 1980களில் விடுதியாக மாறியது. இன்று கட்டணம் செலுத்தும் எவரும் அதன் தோட்டங்களில் உலவி, ஸ்பாவில் நீராடி, உடலைப் பிடித்துவிடச் செய்து ஒரு பகலைக் கழிக்கலாம். பிரபுக்களின் ஓய்வு நாள் கணக்கில் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த ஓய்வோடு தொடர்புடைய இரு சொற்கள் என் கவனத்தை ஈர்க்கின்றன.

ஒன்று 'ஸ்பா'. கனிம நீரூற்றுகளால் புகழ்பெற்ற பெல்ஜிய ஊர் ஒன்றின் பெயர், பின்னர் பொதுப்பெயராயிற்று. மற்றொன்று 'ஷாம்பு'. இது நம் நாட்டிலிருந்து சென்றது. 'அமுக்குதல்' எனப் பொருள்படும் 'சாம்ப்னா' என்னும் இந்தி வினையின் ஏவல் வடிவமான 'சாம்ப்போ' இதன் மூலம். 'ஆப்' என்று விளித்துப் பேசும் மரியாதை வடிவம் அன்று இது. ஆங்கிலத்தில் 1762 முதல் இச்சொல், உடலைப் பிடித்துவிடுதல் என்னும் பொருளில் பதிவாகியுள்ளது. வினையின் பிற வடிவங்களை விட்டு ஏவல் வடிவமே கடன்பெறப்பட்டது தற்செயல் அன்று. காலனிய வீடுகளில் அவ்வினை பெரும்பாலும் கட்டளையாகவே ஒலித்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

இக்கட்டளையைத் தொழிற்பெயராக்கிப் பிழைத்தவர் ஷேக் தீன் முகமது. 1759இல் பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி, அயர்லாந்தில் குடியேறியவர். 1794இல் அவர் வெளியிட்ட பயண நூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நூல். 1810இல் லண்டனில் அவர் திறந்த இந்திய உணவகம் நொடித்துப் போயிற்று. பின்னர் பிரைட்டன் கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியல் இல்லம் நடத்தினார். குளிப்பவர் ஃபிளானல் துணிக் கூடாரத்துள் ஆவியில் அமர்ந்திருப்பார். அதன் கைத்துளைகள் வழியே பிடித்துவிடுபவரின் கைகள் மட்டும் உள்ளே செல்லும். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். ஆயினும் 1822இல் வெளியிட்ட நூலில், தமக்கு மருத்துவப் பயிற்சி உண்டு எனக் காட்டிக்கொள்ளப் பிறந்த ஆண்டையே பத்தாண்டுகள் முன்தள்ள வேண்டியிருந்தது. கைத்திறன் மட்டும் அவருக்கு மதிப்பைப் பெற்றுத் தரவில்லை.

அவர் 1851இல் மறைந்தார். சில ஆண்டுகளிலேயே 'ஷாம்பு' தலைமுடியைக் கழுவுவதைக் குறிக்கத் தொடங்கியது. பின்னர் அதற்குரிய கலவைக்கே பெயராயிற்று. சொல்லின் பொருள் கையிலிருந்து புட்டிக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் ஸ்பாவின் விலைப்பட்டியலில் எண்ணெயின் பெயர் இருக்கும். பிடித்துவிடுபவரின் பெயர் பெரும்பாலும் இராது.

கடன்சொல்லை ஆராயும் நாம், அது எம்மொழியிலிருந்து வந்தது என்பதைக் கண்டறிந்ததும் நின்றுவிடுகிறோம். யார், யாரிடம், எந்த வினைவடிவில் சொன்ன சொல் அது என்பதையும் கேட்டாக வேண்டும். 'ஷாம்பு'வின் வரலாற்றில் உழைத்த கைகளுக்குச் சான்றாக எஞ்சியிருப்பது அந்த ஏவல் விகுதி ஒன்றே.