அணுகுண்டுக்கு ஒரு பூட்டு

படைக்கலத்தைச் செய்வது ஒரு திறமை. அது தகாதவர் கையிற் சேராது காப்பது மற்றொரு திறமை. முன்னையதில் விரைந்த மனிதன் பின்னையதில் எவ்வளவு தாமதித்தான் என்பதை அணுவாயுத வரலாறு காட்டுகின்றது.

1945க்குப் பின் குண்டுகள் பெருகின. அமெரிக்கா அவற்றை ஐரோப்பாவிலுள்ள நேசநாட்டுத் தளங்களிலும் வைத்தது. சட்டப்படி அவை அமெரிக்கக் காவலிலேயே இருந்தன. அக்காவலின் இலட்சணத்தை 1960 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கக் காங்கிரஸ் குழுவினர் நேரிற் கண்டனர். ஜேர்மன் விமானங்கள் அமெரிக்க அணுகுண்டுகளைத் தாங்கி நின்றன. அவற்றுக்குக் காவல், றைபிள் ஏந்திய அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் மாத்திரமே!

குழுவுடன் சென்ற ஹரல்ட் அக்னியூ என்னும் விஞ்ஞானி, ஹிரோஷிமாவின் அழிவை உடன்பறந்த விமானத்திலிருந்து பார்த்தவர். அந்தத் தனிச் சிப்பாயின் நிலை அவரைத் திடுக்கிடச் செய்தது. இரகசிய இலக்கங்களைப் பொருத்தினாலன்றி வெடிக்காதபடி குண்டுக்குள்ளேயே பூட்டமைக்கும் முயற்சிக்கு அவர் துணைநின்றார். சண்டியா ஆய்வுகூடத்தார் அதனை உருவாக்கினர்.

இதற்கிடையில், 1961 சனவரி 24 ஆம் திகதி, கென்னடி ஜனாதிபதியாகி நான்காம் நாள், வட கரோலினாவில் ஒரு போர்விமானம் சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த இரண்டு ஐதரசன் குண்டுகளுள் ஒன்றில், பாதுகாப்புத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகன்றன. இறுதியில் வெடிப்பைத் தடுத்தது ஒரு சிறிய மின்னாளி.

1962 யூன் 6 ஆம் திகதி, நேற்றோ படைகளுக்கென ஐரோப்பாவில் வைக்கப்பட்ட அணுவாயுதங்களுக்கு அப்பூட்டைப் பொருத்துமாறு கென்னடி கட்டளையிட்டார். பிற்காலப் பூட்டுகள், பிழையான இலக்கங்களைப் பலமுறை இட்டால் தாமே செயலிழந்துவிடும். ஆயினும் எங்கும் இவ்விழிப்பு ஏற்படவில்லை. அமெரிக்க நீர்மூழ்கிகளின் ஏவுகணைகளுக்கு நெடுங்காலம் இத்தகைய பூட்டு இருக்கவில்லை. பிரித்தானிய விமானப்படையின் குண்டுகளோ, 1998 வரை, சைக்கிள் பூட்டின் திறப்பை ஒத்த ஒரு திறப்பினாலேயே காக்கப்பட்டன.

பூட்டு கள்வனைத் தடுக்கும். கட்டளை மீறும் படைவீரனைத் தடுக்கும். ஆனால் திறப்பை உரிமையோடு வைத்திருப்பவனை அது தடுக்குமா? குண்டுக்கு அருகே எவரும் தனித்துச் செல்லலாகாது, இருவர் வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. குண்டை எறியுமாறு கட்டளையிடும் ஜனாதிபதிக்கோ இரண்டாமவர் ஒருவரின் சம்மதம் வேண்டியதில்லை. காவற்காரனுக்கு இட்ட விதி தலைவனுக்கு இல்லாதிருப்பது முறையா? இளைஞர்களே, இக்கேள்விக்கு விடைகாணும் பொறுப்பு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று.